படபடப்பும் கவலையும்: மதுரைச் சமவெளியில் விளையாட்டு உளவியல்

விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியல் என்னும் துறை தன் பெயரிலேயே இரண்டு பணிகளைச் சுமந்து நிற்கிறது. போட்டியில் இறங்கும் ஒருவரின் கவனம், அச்சம், தன்னம்பிக்கை ஆகியவை அவருடைய ஓட்டத்தையும் வீச்சையும் எவ்வாறு கூட்டுகின்றன, எவ்வாறு குலைக்கின்றன என்று ஆராய்வது விளையாட்டு உளவியலின் பணி. பதக்கத்தைப் பற்றிய எண்ணமே இல்லாத ஒருவர் ஏன் நடைப்பயிற்சியைத் தொடங்குகிறார், ஏன் மூன்றாம் வாரத்தில் கைவிடுகிறார், விடாமல் தொடர்ந்தால் அவருடைய மனநிலையில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது உடற்பயிற்சி உளவியலின் பணி. மேடையேறி 'உன்னால் முடியும்' என்று முழங்கும் ஊக்கவுரையோடு இத்துறையைக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் கல்லூரி விழாக்களில் பரவியிருப்பதால், அளக்கவும் பயிற்றவும் கூடிய மனத்திறன்களைப் பற்றிய அறிவியல் இது என்பதை இதைப் படிக்க விரும்பும் மாணவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஊக்கவுரையின் சூடு பெரும்பாலும் மைதானத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் ஆறிவிடும்.

இத்துறையின் முதல் ஆய்வாகப் பாடநூல்கள் குறிப்பிடுவது 1898-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்ளெட் வெளியிட்ட கட்டுரையை. மிதிவண்டிப் பந்தயக்காரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது வேகம் கூடுவதைக் கண்ட அவர், 40 சிறுவர் சிறுமியரிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாகவும் இணையாகவும் சுற்றச் சொல்லி நேரத்தைக் குறித்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் துணை இருந்தபோது விரைந்து சுற்றினார்கள், கால்பங்கினர் பதறி வேகம் குறைந்தார்கள், மீதிப் பேரிடம் பெரிய மாற்றமில்லை. ஒரே சூழல் ஒருவரைத் தூக்கிவிடுவதும் மற்றொருவரைத் தள்ளிவிடுவதும் ஏன் என்ற கேள்விக்கு 1965-இல் ராபர்ட் ஸயன்ஸ் ஒரு விடை சொன்னார். பிறர் பார்க்கும்போது உடம்பில் கிளர்ச்சி கூடுகிறது, அக்கிளர்ச்சி நன்றாகப் பழகிய செயலை மெருகேற்றுகிறது, அரைகுறையாகப் பழகிய செயலைக் கெடுக்கிறது என்பது அவ்விடையின் சாரம். மண்டலப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் மாணவரின் ஓட்டத் தொடக்கத்தையோ குண்டெறியும் முறையையோ மாற்றக் கூடாதென்று பழுத்த உடற்கல்வி ஆசிரியர்கள் பட்டறிவால் சொல்லிவருவதற்கு இதுவே காரணம் எனலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1925-இல் கோல்மன் கிரிஃபித் தனி ஆய்வுக்கூடம் நிறுவியதும், 1965-இல் ரோமில் பன்னாட்டு விளையாட்டு உளவியல் கழகம் உருவானதும் இத்துறை வளர்ந்த கதையின் மற்ற இரு மைல்கற்கள்.

போட்டிப் பதற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு ரெய்னர் மார்ட்டென்ஸ் தந்த விளக்கம் மதுரை வட்டாரத்துக்குத் தனிப் பொருத்தமுடையது. முடிவு என்னவாகும் என்ற உறுதியின்மை ஒன்று, அம்முடிவுக்கு ஒருவர் கொடுக்கும் முக்கியத்துவம் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து வளரும்போதே பதற்றம் வளர்கிறது என்றார் அவர். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வாடிப்பட்டியிலோ இருந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்து ஓடும் ஒரு பிள்ளைக்கு, அந்த 400 மீட்டர் வெறும் 400 மீட்டராக இருப்பதில்லை. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் காவல்துறையும் இராணுவமும் ஓடுபவர்களையும் கபடி ஆடுபவர்களையும் வேலைக்கு எடுக்கின்றன. எனவே கடைசி நூறு மீட்டரில் அப்பிள்ளையின் காலோடு குடும்பத்தின் கடனும் தங்கையின் படிப்பும் சேர்ந்து ஓடுகின்றன. மதுரைக்கு அருகே சக்கிமங்கலத்தில் பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டு, வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டு, லேடி டோக் கல்லூரியில் படித்து, ரயில்வே பணியும் பெற்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்தப் பயணத்தில் விளையாட்டு உளவியலாளரின் வேலையில் ஒரு பகுதியைப் பாட்டியும் பயிற்சியாளருமே பார்த்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. அதே டோக்கியோவில் உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எங்கிருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போவதாகச் சொல்லிப் பல இறுதிப் போட்டிகளிலிருந்து விலகினார். வசதியும் வல்லுநர்களும் சூழ்ந்திருந்தாலும் மனத்தின் கோளாறு ஒருவரை விட்டுவைப்பதில்லை என்பதை உலகம் அன்று நேரில் பார்த்தது.

பதற்றத்தை அளக்க மார்ட்டென்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட 27 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அது பதற்றத்தை இரண்டாகப் பிரித்து, தன்னம்பிக்கையை மூன்றாவதாக வைக்கிறது. 'தோற்றுவிடுவோமோ, எல்லாரும் என்ன சொல்வார்கள்' என்று மனத்தில் ஓடும் கணக்கு முதல் வகை. நெஞ்சு அடித்துக்கொள்வது, கை வியர்ப்பது, வயிறு பிசைவது எல்லாம் இரண்டாம் வகை. ஆங்கிலப் பாடநூல் இரண்டுக்கும் ஒரே பெயர்ச்சொல்லைக் கொடுத்து அடைமொழியால் வேறுபடுத்துகிறது. தமிழோ முன்னதைக் கவலை என்றும் பின்னதைப் படபடப்பு என்றும் தனித்தனிச் சொற்களாகவே வைத்திருக்கிறது. வகுப்பறையில் பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய வேறுபாட்டை மதுரைப் பிள்ளைகள் பேச்சிலேயே கொண்டு வருகிறார்கள்: 'உதறல் எடுக்குது', 'கை கால் வெலவெலன்னு வருது' என்பவர் உடம்பைச் சொல்கிறார், 'மனசு ஒரு நெலையில இல்ல' என்பவர் கவலையைச் சொல்கிறார்.

இந்த வேறுபாடு சொல் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. படபடப்பு பொதுவாகப் போட்டி நெருங்க நெருங்க ஏறி, விசில் ஊதியதும் இறங்கத் தொடங்கும். கவலையோ பல நாள் முன்பே வந்து உட்கார்ந்துகொண்டு, ஆட்டத்தின் போக்கைப் பார்த்து ஏறியும் இறங்கியும் இருக்கும். மருந்தும் வேறுபடும். படபடப்புக்கு, எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்தளித்த தசைத் தளர்வுப் பயிற்சியும், அதாவது ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கிப் பின் விட்டு, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடம்புக்குக் கற்பிக்கும் முறையும், மூச்சை மெதுவாக நீட்டி வெளிவிடும் பயிற்சியும் உதவும். கவலைக்கு அவை போதுமானவை அல்ல. ஓடும் எண்ணத்தைப் பிடித்து, அது உண்மைதானா என்று கேட்டு, 'என்ன நடக்கும்' என்பதிலிருந்து 'அடுத்து என்ன செய்ய வேண்டும்' என்பதற்கு மனத்தைத் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'டென்ஷன் ஆகாதே' என்று சொல்லி அனுப்பும் அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால், ஆகாதே என்று சொன்னதும் கவனம் அதன்மீதுதான் போய் நிற்கும்.

மூச்சு நீட்டும் பயிற்சியை நீலப் பாயில் படுக்கவைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சடுகுடு ஆடிய ஊர்களில், ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக் கட்டத்துக்குள் போய்த் திரும்புவது எப்படி என்று பிள்ளைகள் அறிவார்கள். வெளிமூச்சை அடக்கி ஆளும் அந்தப் பழக்கத்திலிருந்து பாடத்தைத் தொடங்கும் பயிற்றுநர் பாதித் தூரத்தைக் கடந்துவிடுகிறார். தொழில்முறைக் கபடியில் ஒவ்வொரு ரைடுக்கும் 30 நொடிதான். தொடர்ந்து இரண்டு ரைடுகள் வெறுங்கையோடு முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் சென்றவர் வெளியேற வேண்டும். நெருக்கடி என்பதை விதியாகவே எழுதிவைத்த ஆட்டம் அது. ஹாக்கியின் ஷூட்-அவுட்டும் அவ்வாறே: 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்பட்டுக் கோல்காப்பாளரை 8 நொடிக்குள் வென்றாக வேண்டும். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையோடு மதுரையும் சேர்ந்து நடத்திய இளையோர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம், ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் இடையே, அந்த எட்டு நொடிகளில்தான் முடிவானது.

இத்தகைய கணத்தில் கைதேர்ந்தவர்களே தடுமாறுவது ஏன் என்று 1984-இல் ராய் பாமைஸ்டரும், 2001-இல் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து சியன் பைலாக்கும் தாமஸ் காரும் ஆராய்ந்தார்கள். நெடுநாள் பழகித் தானாக நடக்கும் செயலை, நெருக்கடியில் ஒருவர் படிப்படியாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அச்செயலின் ஓட்டம் அறுந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட காரணங்களில் முதன்மையானது. மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் கால் முன்னே போகிறது என்று யோசித்தால் இடறுவதைப் போன்றது அது. ஆகவே வீரருக்குச் செய்முறைச் சடங்கு ஒன்றைப் பழக்குவார்கள்: மட்டையை இருமுறை தரையில் தட்டுதல், ஒரு நீள் மூச்சு, ஒரு சொல், பிறகு ஓட்டம். அச்சொல் குறுகியதாகவும் தாய்மொழியிலும் இருப்பது நல்லது என்பதை வலியுறுத்த வேண்டியிருப்பதே வேடிக்கை. ஆங்கிலத்தில் இரவல் வாங்கிய ஊக்கச் சொற்களைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் பயிற்சிக்கூடங்கள் இன்னும் உள்ளன.

அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் அவனியாபுரத்தையும் சுற்றிய ஊர்களில் பிறந்த மாணவருக்கு, கிளர்ச்சியும் கவனமும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை விளக்க ஜல்லிக்கட்டின் வாடிவாசலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கிளர்ச்சி ஏற ஏற ஒருவர் கவனிக்கும் குறிகளின் வட்டம் சுருங்கும் என்று 1959-இல் ஈஸ்டர்புரூக் எழுதினார். முதலில் தேவையற்றவை உதிரும், அளவு மீறினால் தேவையானவையும் உதிரும். மாடுபிடி வீரரின் கண் திமிலில் மட்டும் ஒட்டிக்கொண்டால் கொம்பின் திரும்பல் தப்பும். கூட்டத்தின் இரைச்சலுக்கும் ஒலிபெருக்கியின் அறிவிப்புக்கும் கண் போனால் திமிலே தப்பும். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டுவிட்ட நிலையில், காயத்துக்குப் பின் மீண்டும் களமிறங்கும் இளைஞரின் அச்சத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள முன்வரும் முனைவர் பட்ட மாணவர், எந்த வெளிநாட்டு நூலிலும் இல்லாத ஒன்றைத் தொடுவார்.

பாடநூல் முறைகளை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு மதுரையின் மற்றொரு வீராங்கனை சான்று. செவித்திறன் குறைந்த இறகுப்பந்தாட்ட வீராங்கனை ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலின் கஷியாஸ் தோ சூலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் மூன்று தங்கம் வென்றார். அப்போட்டிகளில் செவித்துணைக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டே ஆட வேண்டும். 'கண்ணை மூடிக்கொள்ளுங்கள், என் குரலை மட்டும் கேளுங்கள்' என்று தொடங்கும் வழக்கமான தளர்வுப் பயிற்சி இங்கே முதல் வரியிலேயே நின்றுவிடும். கண்ணை மூடச் சொன்னால் சைகையும் போய்விடும். தொடுகையாலும், கண்ணுக்குத் தெரியும் அசைவாலும், முன்னரே ஒத்திகை பார்த்த மனக்காட்சியாலும் பயிற்சியை மறுபடி அமைக்கத் தெரிந்தவரே இத்தகைய வீரர்களுக்கு உதவ முடியும்.

உடற்பயிற்சி உளவியல் பேசுவது இன்னும் பெருந்தொகையான மக்களைப் பற்றி. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு அற்றவர்கள் என்றும், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வோர் 10 விழுக்காட்டுக்கும் குறைவென்றும் தெரியவந்தது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நீரிழிவு கண்டவரிடம் மருத்துவர் அதைச் சொல்லவும் செய்கிறார். ஆயினும் புதிதாகத் தொடங்குவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் விட்டுவிடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாட்டின்படி, ஒரு செயலைத் தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வும், தன்னால் இயலும் என்ற உணர்வும், பிறரோடு இணைந்திருக்கிறோம் என்ற உணர்வும் இருக்கும் இடத்தில்தான் பழக்கம் வேர்விடும். சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவிலிலிருந்து வைகை வரை அழகரோடு இரவெல்லாம் நடப்பவர்களும், பௌர்ணமிதோறும் திருப்பரங்குன்றத்தைச் சுற்றி வருபவர்களும், மறுநாள் காலை வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் முழங்கால் வலிக்கிறதென்பது நகைச்சுவையாகத் தோன்றினாலும், கோட்பாட்டுக்கு அது கச்சிதமான விளக்கம்: கால் அதேதான், உடன் நடப்பவரும் நடப்பதன் பொருளும் மாறிவிடுகின்றன.

இத்துறைக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. உளவியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்து விளையாட்டின் பக்கம் திரும்புவது ஒன்று. உடற்கல்வியில் பட்டம் பெற்று உளவியலை ஆழப்படுத்திக்கொள்வது மற்றொன்று. முதல் வழியில் வருபவருக்கு மனித மனம் தெரியும், மைதானம் தெரியாது. காலை ஐந்தரை மணிக்கு ஓடுபாதையோரம் நின்று பழகாதவரை வீரர்கள் நம்புவதில்லை. இரண்டாம் வழியில் வருபவர் களத்தின் பிள்ளை. ஆனால் உடற்கல்விப் பாடத்திட்டத்தில் ஒரு தாளாகப் படித்த விளையாட்டு உளவியல், மனம் உடைந்து நிற்கும் ஒருவரிடம் பேசுவதற்குப் போதாது. புள்ளியியலும் ஆய்வுமுறையும் இருவருக்குமே கசக்கும், இருவருக்குமே தவிர்க்க முடியாதவை. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலுக்கெனத் துறை உள்ளது. மதுரைக்கு அருகில் காரைக்குடியின் அழகப்பா பல்கலைக்கழகம் உடற்கல்விக்குப் பெயர்பெற்றது. மணிப்பூரின் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் விளையாட்டு உளவியலில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. வீட்டிலிருந்தே உளவியல் பட்டம் பெறலாம் என்று எண்ணியிருந்தோர் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதெனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது.

பட்டத்துக்குப் பின் வரும் பெயர்ப்பலகையில்தான் சிக்கல். இங்கிலாந்தில் 2009 முதல் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியலாளர் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். பதிவு பெறாதவர் அதைப் பயன்படுத்தினால் குற்றம். அமெரிக்காவின் விளையாட்டு உளவியல் சங்கம் வழங்கும் சான்றிதழுக்கு, மூத்தவரின் வழிகாட்டலில் 400 மணி நேரப் பணியனுபவம் காட்ட வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டம் பிற உளவியலாளர்களையும் தன் வரம்புக்குள் கொண்டு வந்தது. விளையாட்டு உளவியலாளர் என்ற பெயருக்கோ அத்தகைய தனி வேலி இல்லை. இதனால் நன்மையும் விளைந்ததுண்டு. காவல்துறை அதிகாரியாக இருந்த பீஷ்மராஜ் பாம் துப்பாக்கி சுடும் வீரர்கள் பலரை உருவாக்கினார். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பையிலும் 2024-இல் சென்னையின் குகேஷ் உலகச் சதுரங்க வாகையராகியபோதும் துணைநின்ற பேடி அப்டன், உடற்தகுதிப் பயிற்சியிலிருந்து வந்தவர். மனத்திறப் பயிற்சியாளர் என்றே அழைக்கப்பட்டார். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவோ டிமோத்தி ஹார்க்னஸ் என்ற உளவியலாளரோடு பணியாற்றினார். ஆனால் வேலியில்லாத நிலத்தில் பயிரும் களையும் சேர்ந்தே வளரும். மூன்று நாள் பட்டறைச் சான்றிதழோடு பள்ளிப் பிள்ளைகளின் மனத்தில் கைவைப்பவர்களை இப்போதைய நிலையில் தடுப்பாரில்லை. தூக்கமின்மை, உணவை வெறுத்தல், வாழ்வில் வெறுப்பு ஆகியவை தென்பட்டால் அது பயிற்சிக்குரிய சிக்கலைக் கடந்துவிட்டது என்று உணர்ந்து, அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கோ வழிகாட்டத் தெரிவதே தகுதியுடையவரின் முதல் அடையாளம்.

வேலைவாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்வதானால், மதுரையில் இருந்துகொண்டு இதை மட்டுமே செய்து மாதச் சம்பளம் வாங்கும் இடங்கள் மிகச் சில. இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களும் தொழில்முறை அணிகளும் பெருநகர மருத்துவமனைகளின் விளையாட்டு அறிவியல் பிரிவுகளும் ஆளெடுக்கின்றன. மற்றவர்கள் கல்லூரியில் பாடம் நடத்தி, மாலையில் பயிற்சிக்கூடங்களில் வேலை பார்த்து, நீரிழிவு மையங்களிலும் எலும்புமுறிவுக்குப் பின்னான மறுபயிற்சியிலும் பங்கெடுத்துத் துண்டுதுண்டாகத் தம் தொழிலைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுமானத்தின் திறவுகோல் பயிற்சியாளர் கையில் இருக்கிறது. வீரர் வாரத்துக்கு ஒருமுறை உளவியலாளரைப் பார்க்கலாம். பயிற்சியாளரைப் பார்ப்பதோ அன்றாடம் இருவேளை. தம் அதிகாரத்தைப் பங்குபோட வந்தவராக உளவியலாளரைப் பயிற்சியாளர் எண்ணிவிட்டால் வாசல் மூடிவிடும். தம் சொற்களுக்குக் கூர்மை சேர்க்க வந்தவராக எண்ணினால் மைதானம் முழுவதும் திறந்துகொள்ளும்.

அத்தகைய மைதானத்தில் முதுநிலை மாணவர் ஒருவர் முதற்பருவத்திலேயே தொடங்கக்கூடிய வேலையும் இருக்கிறது. மண்டலப் போட்டிகளில் ஓட்டத்துக்கு முன் பிள்ளைகள் தம் நிலையைச் சொல்லும் சொற்களை அவர்கள் சொன்னபடியே குறித்து, அவற்றைப் படபடப்பு, கவலை, தன்னம்பிக்கை என்னும் மூன்று பத்திகளில் அடுக்கி, நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டுச் சரிபார்த்தால், மொழிபெயர்ப்பில் வெளிறிப்போகாத ஒரு தமிழ் வினாப்பட்டியல் உருவாகும். உதறல் முதல் பத்தியில் எளிதாக உட்காரும். 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கத்தான் ஆய்வேடு தேவைப்படும்.